சுவருக்குள் ஒரு லீக்

போன ஞாயிறும் டாஸ்மேனியா என்ற பெர்லின் கால்பந்து கிளப்பின் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். பெர்லினில் நொய்கோல்ன் பக்கம் குடிவந்த நாளிலிருந்து இது ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், லைனஸ்ட்ராஸே ஊபான் (சுரங்க ரயில்) நிலையத்தைத் தாண்டி ஓடர் தெருவில் திரும்பினால் மைதானத்தின் கம்பி வேலி தெரியும். அதற்கு அந்தப் பக்கம் பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் வெட்டவெளி. 2008இல் அந்த விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், இப்போது ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள்.

மைதானத்துக்கு வெர்னர் சீலன்பிண்டர் என்ற மல்யுத்த வீரரின் பெயர். 1936 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தவர், கம்யூனிஸ்ட், நாஜிகளை எதிர்த்ததற்காக 1944இல் கொல்லப்பட்டவர். அவருடைய அஸ்தி இந்த மைதானத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறது. போர் முடிந்ததும் அவர் பெயரை வைத்தார்கள். பனிப்போர் வந்ததும் மேற்கு பெர்லினில் ஒரு கம்யூனிஸ்ட் பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். திரும்ப 2004இல்தான் வைத்தார்கள். முதல் தடவை போனபோது அந்தக் கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். சில அடி தள்ளி ஒருவர் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார், உள்ளே இருந்து பந்து உதைபடும் சத்தம் கேட்டது. அன்றைக்கே இந்த இடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

டாஸ்மேனியா என்றாலே ஜெர்மனியில் எல்லோருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லீகாவின் வரலாற்றிலேயே மோசமான அணி. ஆபீஸில் நான் டாஸ்மேனியா மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் ஒரு எண் வரும். 8 புள்ளி என்பார்கள், 108 கோல் வாங்கியது என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. முதலில் காரணம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அந்தக் காலத்து லீகைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அதனால் இன்றைக்கு அந்த லீகைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1963இல் புண்டஸ்லீகா தொடங்கியது. அதுவரை மேற்கு ஜெர்மனி முழுவதற்கும் ஒரே லீக் கிடையாது, ஐந்து வட்டாரங்களில் ஐந்து முதல்நிலை லீகுகள் இருந்தன. புண்டஸ்லீகாவுக்கு அவற்றிலிருந்து 16 அணிகளை எடுத்தார்கள். மீதி அணிகளுக்காக ஐந்து ரெகியோனாலீகாக்கள், அதாவது வட்டார லீகுகள், உருவாயின. வடக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, அப்புறம் பெர்லின். எல்லாமே இரண்டாம் நிலை, காகிதத்தில் ஒரே தகுதி.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கு என்றால் பவேரியா, ஸ்டுட்கார்ட், ஃப்ராங்க்ஃபர்ட் என்று எத்தனையோ ஊர்கள் சேர்ந்தது. மேற்கு என்றால் ரூர் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் மொத்தமும். பெர்லின் என்றால் அரை நகரம். ஒரு சுவரும் அதற்கு அந்தப் பக்கம் வேறொரு நாடும் சுற்றி வளைத்த, ஏறத்தாழ 22 லட்சம் பேர் வாழ்ந்த மேற்கு பெர்லின் மட்டும். இரண்டாம் நிலை லீகின் எல்லா அணிகளும் அந்தச் சுவருக்குள்தான் இருந்தாக வேண்டும், வெளியிலிருந்து ஒரு அணிகூட வர முடியாது.

இதை எனக்கு முதலில் உறைக்கவைத்தவர் மைதானத்தில் வழக்கமாக என் பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஒருவர். எப்போதும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடிதான் நிற்பார், பாதி நேரம் பேசவே மாட்டார். ஒரு நாள் இடைவேளையில் நான் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். வெளியூர் ஆட்டம் என்று அப்போது ஒன்று கிடையாது என்றார். எதிரணி மைதானத்துக்கு ஊபானில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சின்னப் பையனுக்கு அது சொர்க்கம், ஆட்டக்காரனுக்கு அது சிறை என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

ஒரே முகங்கள், ஒரே மைதானங்கள். டாஸ்மேனியா, டென்னிஸ் பொருஸ்ஸியா, வாக்கர் 04, ப்ளௌ-வைஸ் 90, ஹெர்த்தா செலன்டார்ஃப், ஷ்பாண்டாவ் அணி, ரைனிக்கன்டார்ஃப் அணி. ஒரே எதிரியை ஒரு சீசனுக்கு மூன்று முறை சந்தித்த காலமும் உண்டு, அணிகள் அவ்வளவு குறைவு. இப்படியே வருடம் முழுக்க பக்கத்துத் தெருக்காரனோடு ஆடிவிட்டு, முதலிடம் பிடித்த அணி ஜூன் மாதம் மேலே ஏறுவதற்கான சுற்றுக்குப் போகும். அங்கே மற்ற நான்கு வட்டாரங்களின் சிறந்த அணிகள் காத்திருக்கும். அதுவரை சுவருக்கு வெளியே ஒரு போட்டிப் புள்ளிகூடப் பெற்றிராத அணி திடீரென்று சார்புரூக்கனோடும் ஆக்கனோடும் மோத வேண்டும்.

இன்னொரு பக்கம் தெற்கு ரெகியோனாலீகாவில் அந்தக் காலத்தில் ஆடிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? பேயர்ன் மியூனிக். 1963இல் அதே ஊரைச் சேர்ந்த 1860 அணிக்கு இடம் கொடுத்ததால் பேயர்னைச் சேர்க்கவில்லை. இரண்டு வருடம் இரண்டாம் நிலையில் இருந்தது. கோலில் ஸெப் மையர், நடுவில் பெக்கன்பவர், முன்னால் 1964இல் நோர்ட்லிங்கனிலிருந்து வந்த கெர்ட் ம்யூலர். 1964-65 சீசனில் 36 ஆட்டத்தில் 146 கோல் அடித்தார்கள். ம்யூலரைவிட அதிகம் அடித்தவர் ஓல்ஹௌசர், அவர் மட்டும் 42. அந்த அணியும் பெர்லின் சாம்பியனான டென்னிஸ் பொருஸ்ஸியாவும் 1965 ஜூனில் ஏற்றச் சுற்றில் ஒரே குழுவில் இருந்தன. கடைசி ஆட்டத்தில் பேயர்ன் 8-0 என்று ஜெயித்து மேலே போனது.

எட்டுக்குப் பூஜ்யம். பெர்லினின் மிகச் சிறந்த இரண்டாம் நிலை அணிக்கு நடந்தது இது. இந்த ஸ்கோரை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

புண்டஸ்லீகாவில் பெர்லினுக்கு ஒரே இடம், அது ஹெர்த்தா என்ற கிளப்புக்குக் (செலன்டார்ஃப் இல்லை, இது வேறு) கிடைத்திருந்தது. ஆனால் சுவர் எழும்பிய ஊருக்கு வந்து ஆட யாருக்கு ஆசை இருக்கும்? எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத, ரஷ்யப் படைகள் சுற்றி நிற்கிற ஊர். ஆட்டக்காரர்களை வரவழைக்க ஹெர்த்தா விதி அனுமதித்ததைவிட அதிகப் பணத்தை மறைவாகக் கொடுத்தது. கணக்கில் 192,000 மார்க் துண்டு விழுந்தது தெரியவந்ததும் 1965இல் ஜெர்மன் கால்பந்து சங்கம் ஹெர்த்தாவை லீகை விட்டே வெளியேற்றியது. தப்பு தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சுவர் இல்லாவிட்டால் அந்தப் பணம் கொடுக்கவேண்டிய தேவையே வந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒரு அரசியல் சிக்கல். புண்டஸ்லீகாவில் பெர்லின் அணி ஒன்றுகூட இல்லை என்றால் மேற்கு பெர்லினையே கைவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பெர்லினிலிருந்து யாரையாவது எடுத்தே ஆகவேண்டும். சாம்பியனான டென்னிஸ் பொருஸ்ஸியா ஏற்றச் சுற்றில் தோற்றுவிட்டதால் அதை எடுக்க முடியாது என்றார்கள். இரண்டாம் இடத்தில் இருந்த ஷ்பாண்டாவ் அணி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. மூன்றாம் இடத்தில் இருந்தது டாஸ்மேனியா. சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் பாக்கி. ஆட்டக்காரர்கள் விடுமுறையில் இருந்தார்கள், அங்கிருந்தே அழைத்துவரப்பட்டார்கள்.

டாஸ்மேனியா ஒன்றும் பெயர் தெரியாத கிளப் இல்லை. 1900இல், நொய்கோல்னுக்கு ரிக்ஸ்டார்ஃப் என்று பெயர் இருந்த காலத்தில் தொடங்கியது. தொடங்கியவர்களில் சிலர் டாஸ்மேனியா தீவுக்குக் குடிபெயர ஆசைப்பட்டார்களாம், அதனால் அந்தப் பெயராம். இது வழிவழியாகச் சொல்லிவரும் கதை, எனக்குப் பிடித்த கதை. 1959, 1960, 1962 என்று மூன்று முறை பெர்லின் சாம்பியன். 1963இலேயே புண்டஸ்லீகாவுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டது. அப்போது, பலமாக இருந்த நேரத்தில், எடுத்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கலாம்.

1965 ஆகஸ்ட் 14. ஒலிம்பியா மைதானத்தில் 81,000 பேர். கார்ல்ஸ்ரூ அணிக்கு எதிராக டாஸ்மேனியா 2-0 என்று ஜெயித்தது, இரண்டையும் அடித்தவர் உஸ்பெக் என்ற ஆட்டக்காரர். இத்தாலியிலிருந்து ஷிமானியாக்கைக் கூட்டி வந்திருந்தார்கள், ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடிய பெரிய ஆள். அன்றைக்கு ராத்திரி நொய்கோல்ன் சாராயக் கடைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் 31 ஆட்டம் ஜெயிக்கவே இல்லை. 1966 ஜனவரி 15 அன்று, கொட்டுகிற பனியில், மன்ஷன்கிளாட்பாக்குக்கு எதிரான ஆட்டத்துக்கு அதே மைதானத்துக்கு வந்தவர்கள் 827 பேர். புண்டஸ்லீகாவில் இன்றைக்கும் அதுதான் ரசிகர்கள் அனுமதிக்கப்பட்ட ஆட்டங்களிலேயே குறைந்த கூட்டம். ஒலிம்பியா மைதானத்தின் பரப்பை நேரில் பார்த்தவர்களுக்கு 827 என்றால் எவ்வளவு என்று புரியும், எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை ஒரு கடுகு மாதிரித்தான் தெரியும். எல்லோரும் அந்த 827ஐச் சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு ஆட்டம் 0-0 என்று யாரும் சொல்வதில்லை. டாஸ்மேனியா அன்று தோற்கவில்லை! அந்த 827 பேரும் அந்தக் குளிரில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

மார்ச்சில் சொந்த ஊரில் மைடரிக் அணியிடம் 0-9. மே மாதம் நொய்ன்கிர்ஷனை 2-1 என்று ஜெயித்தார்கள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 34 ஆட்டம், 2 வெற்றி, 4 டிரா, 28 தோல்வி, 15 கோல் அடித்து 108 வாங்கியது. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் மொத்தம் 8.

சரி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு லீகின் சாம்பியனையே எட்டு கோலில் அடிக்கிற அணி இருக்கிற இடத்துக்கு, அந்த லீகின் மூன்றாம் அணியை, இரண்டு வார அவகாசத்தில், அரசியலுக்காக அனுப்பினார்கள். அந்த சீசனில் பேயர்ன் புண்டஸ்லீகாவில் மூன்றாம் இடம் பிடித்தது, அவ்வளவு பலமான இடம் அது. டாஸ்மேனியாவின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கீழே இறங்கிய ஹெர்த்தா என்ன ஆனது? கெசுண்ட்ப்ருன்னனில் இருந்த பழைய மைதானத்துக்குத் திரும்பியது. ப்ளும்பே என்று பெர்லின்காரர்கள் செல்லமாகச் சொல்வார்கள். அது எல்லையை ஒட்டிய இடம். 1961 ஆகஸ்டில் சுவர் வந்தபோது ஹெர்த்தாவின் ரசிகர்களில் ஒரு பகுதி ஒரே ராத்திரியில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அவர்கள் ஆட்ட நாளில் சுவருக்கு அருகில் கூடி, உள்ளே எழும் கூச்சலைக் கேட்டே கோல் விழுந்ததைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். பார்க்க முடியாத ஆட்டத்துக்கு அவர்களும் அங்கிருந்தே கத்தியிருக்கிறார்கள். 1963இல் புண்டஸ்லீகாவுக்காக ஹெர்த்தா ஒலிம்பியா மைதானத்துக்கு மாறியபோது அந்தச் சத்தமும் அவர்களுக்கு இல்லாமல் போனது. இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

ஹெர்த்தா 1966, 1967, 1968 மூன்று வருடமும் பெர்லின் சாம்பியன். முதல் இரண்டு முறையும் ஏற்றச் சுற்றில் தோற்று மூன்றாவது முறைதான் மேலே ஏறியது. அடுத்த வருடமே, 1969 செப்டம்பரில், கோல்ன் அணிக்கு எதிராக ஒலிம்பியா மைதானத்தில் 88,075 பேர். புண்டஸ்லீகாவின் கூட்டச் சாதனை. ஆகக் குறைந்த கூட்டமும் ஆகப் பெரிய கூட்டமும் ஒரே மைதானத்தில், நாலு வருடத்துக்குள், ஒரே சின்ன லீகிலிருந்து வந்த இரண்டு அணிகளுக்கு. அந்த ஊருக்குக் கால்பந்துப் பசி இல்லை என்று சொல்லவே முடியாது.

ஹெர்த்தா போன பிறகு லீகில் வேறு வேறு பேர் முதலிடம் பிடித்தார்கள். 1969, 1970இல் ஹெர்த்தா செலன்டார்ஃப். பெயர் ஒன்றானாலும் அது வேறு கிளப், நகரின் தென்மேற்கு மூலையில் இருப்பது. பிற்பாடு லிட்பார்ஸ்கி அங்கிருந்துதான் கோல்னுக்குப் போனார். 1971இல் டாஸ்மேனியா, 1972இல் வாக்கர், 1973இல் ப்ளௌ-வைஸ். ஒருவரும் மேலே ஏறவில்லை. ஜெயித்து, கோப்பை வாங்கி, ஜூனில் தோற்று, ஆகஸ்டில் மறுபடியும் பக்கத்துத் தெருக்காரனோடு. கடன் மட்டும் ஏறியது. 1973இல் டாஸ்மேனியா 1900 திவாலாகிப் பதிவேட்டிலிருந்தே மறைந்தது. இப்போது நான் பார்க்கிற டாஸ்மேனியா அதே வருடம் அதன் வாரிசாகத் தொடங்கிய கிளப்.

டென்னிஸ் பொருஸ்ஸியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே டேபே என்பார்கள். 1902இல் டென்னிஸும் பிங்பாங்கும் ஆடத் தொடங்கிய சங்கம், அதுதான் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஊதாவும் வெள்ளையும் நிறம். 1965இலிருந்து 1973 வரை இதன் தலைவராக இருந்தவர் ஹான்ஸ் ரோசன்தால். பின்னாளில் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி நடத்தி ஜெர்மனி முழுக்கத் தெரிந்த முகமானவர். அவர் யூதர். நாஜி காலத்தில், இதே பெர்லினில், ஒரு தோட்டக் குடியிருப்பின் குடிசையில் ஒளிந்துதான் உயிர் பிழைத்தார். அங்கிருந்த சில பெண்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காப்பாற்றினார்கள். அவருடைய தம்பியைக் கொன்றுவிட்டார்கள். அப்படி ஒரு மனிதர் ஊரை விட்டுப் போகாமல் இருந்து, பேயர்னிடம் எட்டு கோல் வாங்கிய இரண்டாம் நிலை கிளப்புக்குத் தலைவராக வந்து எட்டு வருடம் இருந்திருக்கிறார். டேபே ரசிகர்கள் இன்றைக்கும் இனவெறிக்கு எதிராகப் பளிச்சென்று நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கடைசி சீசன் 1973-74. தெற்கில் ஆக்ஸ்பர்க் அணிக்கு ஹெல்முட் ஹாலர் யுவென்டஸிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்திருந்தார். 1966 உலகக் கோப்பை இறுதியில் முதல் கோல் அடித்தவர். மியூனிக் ஒலிம்பியா மைதானத்தில் 1860க்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் திரண்டார்கள், இரண்டாம் நிலை லீக் ஆட்டத்துக்கு! கீழே இருந்து அந்த வருடம்தான் ஏறி வந்த ஆக்ஸ்பர்க் தெற்கின் சாம்பியனே ஆனது. ஏற்றச் சுற்றில் ஒரே ஒரு புள்ளியில் அவர்களைத் தாண்டி மேலே போனது யார்? டேபே. ஆக்ஸ்பர்க்காரர்கள் அதற்கப்புறம் புண்டஸ்லீகாவைப் பார்க்க 2011 வரை காத்திருந்தார்கள். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன், ஆனால் அந்த ஒரு புள்ளி பெர்லினுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். பதினொரு வருடத்தில் அந்த லீகிலிருந்து தகுதி பெற்று ஏறியவை ஹெர்த்தாவும் டேபேவும் மட்டும்தான்.

1974இல் ஐந்து ரெகியோனாலீகாக்களையும் கலைத்துவிட்டு வடக்கு, தெற்கு என்று இரண்டே பிரிவாக இரண்டாம் புண்டஸ்லீகா தொடங்கினார்கள். பெர்லினிலிருந்து அதற்குள் போனது வாக்கர் 04 மட்டும். மேலே ஏறிய டேபேயைத் தவிர மற்றவர்கள் எல்லாம் மூன்றாம் நிலைக்கு இறங்கிப்போனார்கள். வாக்கரும் 1994இல் திவாலானது. ப்ளௌ-வைஸ் 1986-87இல் ஒரே ஒரு சீசன் புண்டஸ்லீகா ஆடிவிட்டு 1992இல் உரிமத்தை இழந்தது. ப்ளும்பே மைதானத்தைக் கடனுக்காக ஹெர்த்தா விற்றுவிட்டது, அங்கே இப்போது வீடுகள்.

2020-21இல் புண்டஸ்லீகாவில் ஷால்கே அணி தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயிக்காமல் டாஸ்மேனியாவின் 31ஐ நெருங்கியது ஞாபகம் இருக்கிறதா? டாஸ்மேனியா ரசிகர்கள் ஷால்கே ஜெயிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அந்தச் சாதனை தங்களுடையது, யாருக்கும் விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். 2021 ஜனவரியில் ஷால்கே ஹோஃபன்ஹைமை 4-0 என்று அடித்தது, 31 அப்படியே நின்றது. ஐம்பத்தைந்து வருடம் ஊரே சிரித்த ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட ரசிகர்கள் இவர்கள். இவர்களோடு நிற்பது எனக்குப் பெருமை.

2023-24 சீசனில் டாஸ்மேனியா, டேபே, ஹெர்த்தா செலன்டார்ஃப் மூன்றும் ஐந்தாம் நிலையில் ஒரே லீகில் இருந்தன. செலன்டார்ஃப் அதை ஜெயித்து மேலே போனது. சுவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது ரோஸ்டாக் பக்கமிருந்தும் அணிகள் வருகின்றன, பஸ்ஸில் மூன்று மணி நேரப் பயணம். ஆனாலும் பழைய பெர்லின் அணிகள் மோதும் நாளில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும், வயதானவர்கள் நிறைய வருவார்கள்.

போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் பெரியவரிடம் கேட்டேன், டேபே மைதானத்துக்கு நான் இதுவரை போனதில்லை, எப்படிப் போவது என்று. போனில் பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் கம்பியிலிருந்து நிமிர்ந்து, ஹெர்மன்ஸ்ட்ராஸேயில் ரிங் ரயில் ஏறு, வெஸ்ட்க்ராய்ட்ஸில் மாறு, அடுத்த நிலையம் ஐக்காம்ப், இறங்கினால் மைதானம் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அந்த நிலையத்துக்கு இப்போது மெஸ்ஸே ஸுயுட் என்று பெயர்.